கீமேன் யாரிடம் சொல்வார்?

பௌர்ணமி கிரிவலத்துக்கும் கார்த்திகை தீபத்துக்கும் திருவண்ணாமலைக்கு ரயிலேறி வருகிறவர்கள் விழுப்புரம்–காட்பாடித் தண்டவாளத்தை நம்பி வருகிறார்கள். அந்தத் தண்டவாளத்தை நாள்தோறும் நடந்து பார்ப்பவர் கீமேன். அவர் ஒரு குறையைச் சொல்லி, மேலிடத்துக்கு அது கசந்தால், அவரைக் காக்க என்ன சட்டம் இருக்கிறது?

2023 பிப்ரவரி 8. கர்நாடகத்தின் ஹொசதுர்கா ரோடு நிலையம். சம்பர்க் கிராந்தி எக்ஸ்பிரசுக்கு சிக்னல் விழுந்திருக்கிறது. தடம் மாற்றும் பாயிண்ட்டோ வேறு பாதைக்குத் திரும்பிக் கிடக்கிறது. லோகோ பைலட் கவனித்து வண்டியை நிறுத்திவிட்டார். மறுநாளே தென்மேற்கு ரயில்வேயின் முதன்மைத் தலைமை இயக்க மேலாளர் கடிதம் எழுதினார்: அமைப்பில் கடுமையான குறை இருக்கிறது, உடனே சரிசெய்யாவிட்டால் பெரும் விபத்து நேரும்.

நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 2ஆம் தேதி, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவின் பாஹாநகா பஜாரில் லூப் லைனுக்குள் பாய்ந்து சரக்கு ரயிலில் மோதியது. 290 பேருக்கு மேல் மாண்டார்கள்! சிக்னல் வயரிங் பிழை என்றது ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை. அதே கரக்பூர் கோட்டத்தில் 2022 மே மாதமே இப்படியொரு பிழை தெரியவந்ததாம். அன்றே திருத்தியிருந்தால் இது நடந்திருக்காது என்றும் அந்த அறிக்கையே சொல்கிறது.

உயரதிகாரி கையெழுத்திட்ட எச்சரிக்கைக்கே இந்தக் கதி. கீமேனின் வாய்ச்சொல் எம்மாத்திரம்?

தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் 2014இல் நிறைவேறியது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும் அது ஊழலையும் அதிகார துஷ்பிரயோகத்தையும் குற்றங்களையும் பற்றியது. தண்டவாள விரிசலைச் சொன்னவருக்கு அதில் நேரான இடமில்லை. மறுபக்கம் பாருங்கள்: ரயில்வே ஊழியர் ஒழுங்கு விதிகள் 1968இன் 14(ii), விசாரணை நடத்துவது சாத்தியமில்லை என்று அதிகாரி எழுதிவைத்தால், விசாரிக்காமலே வேலையைப் பறிக்க வழிவிடுகிறது.

அமெரிக்காவில் பாதுகாப்புக் குறையை நல்லெண்ணத்தோடு சொன்ன ரயில் தொழிலாளியைப் பழிவாங்கினால், அவர் 180 நாட்களுக்குள் தொழிலாளர் துறையிடம் முறையிடலாம். பழிவாங்கியது நிரூபணமானால் வேலையும் இழந்த சம்பளமும் திரும்பக் கிடைக்கும்.

இங்கே அதற்கான அமைப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. ரயில்வே பாதுகாப்பு ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின்கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின்கீழ் இருக்கிறது. ஊழியரின் முறையீட்டை நேரடியாக வாங்கவும், அது முடியும்வரை சார்ஜ்ஷீட்டையும் இடமாற்றத்தையும் நிறுத்திவைக்கவும் அந்த ஆணையத்துக்கு அதிகாரம் வேண்டும். 1989 ரயில்வே சட்டத்தில் அதற்கொரு பிரிவு சேர்க்கச் சொல்லி, நம் தொகுதி எம்.பி.யிடம் இந்தக் கூட்டம் மனு கொடுக்கட்டும்.