கிழமைக்கு ஒரு நாள் மருந்து

(பண்டத்தரிப்பில் யாழ்ப்பாணத்துக் கமத் தொழிலாளரும் மலையகத் தோட்டத் தொழிலாளரும் சேர்ந்து நடத்திய உடல்நலக் கூட்டத்தில் எங்கள் கிளையின் சார்பில் ஆற்றப்பட்ட உரை.)



மலையிலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறோம். உங்கள் ஊரில் தேயிலை இல்லை. செம்மண்ணும் புகையிலையும் வெங்காயமும் பனையும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனாலும் வெங்காயம் பிடுங்குகிற கையும் கொழுந்து கிள்ளுகிற கையும் ஒரே பாடுதான் படுகின்றன. அந்தக் கைகளைப் பிடிக்கிற ஒரு நோயைப் பற்றிப் பேசத்தான் எங்களை அழைத்தீர்கள்.

முடக்குவாதம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். டாக்டர்மார் ருமட்டொயிட் ஆத்ரைட்டிஸ் என்று கிளினிக் கொப்பியில் எழுதுகிறார்கள். வெளியிலிருந்து வரும் கிருமியோடு சண்டை போட வேண்டிய நம் எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் நம் மூட்டுகளின் உள்தோலைத் தாக்குகிறது. இரவுக் காவல்காரன் கள்ளனை விட்டுவிட்டு வீட்டுக்காரனை அடிக்கிற மாதிரி. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. வயதானவர்களின் நோய் என்று யாரும் நினைக்க வேண்டாம். முப்பதிலும் நாற்பதிலும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் வந்து நிற்கிறது.

எங்கள் கிளையில் ஒரு அக்கா இருக்கிறார். பெயர் வேண்டாம். முப்பத்தெட்டு வயது, கொழுந்து எடுப்பவர். காலையில் எழும்பினால் விரல்களை மடக்க முடியாது. படங்கு கட்ட மகள் வர வேண்டும். தேங்காய் துருவ மாமியார் வர வேண்டும். ஒன்பது, பத்து மணிக்குப் பிறகுதான் கை கொஞ்சம் இளகும். அதற்குள் மற்றவர்கள் ஒரு கூடை நிறைத்திருப்பார்கள். கிலோ குறைந்தது, அரைப்பேர் விழுந்தது. சோம்பல் என்று பிரட்டுக்களத்தில் ஒரு பேச்சு. எண்ணெய் பூசினார். தனியார் டிஸ்பென்சரி ஒன்றில் ஊசி போட்டார். இரண்டு நாள் சுகம், மூன்றாம் நாள் பழையபடி. நோயின் பெயர் தெரிய ஒன்றரை வருடம் போனது.

அந்த ஒன்றரை வருடம்தான் எங்களுக்குப் பெரிய கவலை. இந்த நோயில் எலும்பு அரிக்கப்படுவது ஆரம்பத்திலேயே தொடங்கிவிடுகிறது. கோணிப்போன விரலை எந்த மருந்தும் நேராக்காது. ஆனால் கோணுவதற்கு முன்னால் மருந்தைத் தொடங்கினால், பெரும்பாலானவர்களுக்கு நோயை அடக்கி வைக்க முடியும். ஆகவே அடையாளங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். காலை விறைப்பு அரை மணிக்கு மேல், பலருக்கு ஒரு மணிக்கு மேல் இருக்கும். விரல் நுனி மூட்டுகளை விட்டு, நடு மூட்டும் கைவிரல் அடி மூட்டும் மணிக்கட்டும் வீங்கும். பெரும்பாலும் இரண்டு கையிலும் ஒன்றுபோல வரும். ஆறு கிழமைக்கு மேல் நிற்கும். கூடவே அசதி, மெல்லிய காய்ச்சல், சோகை. தேய்மானம் வேறு: அது வேலை செய்யச் செய்ய வலிக்கும், ஓய்வெடுத்தால் குறையும். இது ஓய்வெடுத்து எழும்பும்போதுதான் மோசம். சிக்குன்குன்யா வந்தவர்களுக்கும் மாதக்கணக்கில் மூட்டு வீங்கும் என்பதால், முன்பு அந்தக் காய்ச்சல் வந்ததா என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரத்தத்தில் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ருமட்டொயிட் ஃபக்டர் என்று பார்ப்பார்கள். ஃபக்டர் இல்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. வீக்கம் நின்றால் திரும்பப் போங்கள்.

இனி மருந்து. முதல் மருந்தின் பெயர் மெதோட்ரெக்ஸேட். வாயில் நுழையாத பெயர்தான், ஆனாலும் பாடமாக்கிக்கொள்ளுங்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்து என்று பாமசியில் யாரோ சொல்லி, பயந்துபோய் வில்லைகளை அடுப்பில் போட்டவர்களும் எங்கள் பக்கத்தில் உண்டு. புற்றுநோய்க்கும் கொடுப்பது உண்மை. அங்கே அளவு மிகப் பெரியது. இங்கே சிறிய அளவு, எதிர்ப்புச் சக்தியின் வெறியைத் தணிக்கிற அளவு.

இந்த மருந்து பிறந்த கதையில் நம் பக்கத்து மனிதர் ஒருவர் இருக்கிறார். ஆந்திராவின் பீமாவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தி சொன்னார் என்று கதர் அணிந்து வகுப்புக்குப் போனதால் வெள்ளைக்காரப் பேராசிரியர் கோபப்பட, முழு டாக்டர் பட்டம் கிடைக்காமல் அதற்குக் குறைந்த பட்டத்தோடு வெளியே வந்தார். பிறகு அமெரிக்காவில் லெடர்லி கம்பனியின் ஆய்வுகூடத்தில் அவருடைய குழுதான் போலிக் அசிட்டைச் செயற்கையாகத் தயாரித்தது. அதற்கு எதிராக வேலை செய்யும் அமினோப்டெரினும் மெதோட்ரெக்ஸேட்டும் அங்கிருந்தே வந்தன. 1948 இல் அவர் இறந்துவிட்டார். முடக்குவாதத்துக்கு இந்த மருந்து பரவலானது 1980களில்தான். இதை ஏன் சொல்கிறோம் என்றால், எண்பது வருடப் பழைய மருந்துக்கு யாரும் தனியுரிமை கொண்டாட முடியாது. பல கம்பனிகள் செய்யலாம். விலை குறைவாக இருக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது.

இப்போது கவனமாகக் கேளுங்கள். மெதோட்ரெக்ஸேட் கிழமைக்கு ஒரு நாள். தினமும் இல்லை. தினமும் எடுத்தால் வாய் புண்ணாகி, இரத்தம் ஊறுவது நின்று, ஆள் சாகலாம். உலகம் முழுக்க இந்தத் தவறால் சாவு நடந்திருக்கிறது. ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். எங்கள் அக்கா ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறார், அன்று வேலை இல்லை, தலை சுற்றினாலும் படுக்கலாம். காலண்டரில் மகள் வட்டம் போடுகிறாள். போலிக் அசிட் வேறொரு நாளில், டாக்டர் சொன்னபடி. வில்லை 2.5 மில்லிகிராமிலும் வரும், 10 மில்லிகிராமிலும் வரும். இரண்டும் மஞ்சளாக இருக்கலாம். போன மாதம் ஆறு வில்லை எடுத்தோம் என்று இந்த மாதமும் ஆறு எடுத்தால், 15 என்பது 60 ஆகிவிடும். பாக்கெட்டைப் பார்க்காமல் வாங்கி வராதீர்கள்.

மருந்து உறையில் எத்தனை, எப்போது என்று எழுதித் தருகிறார்கள் அல்லவா? எங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில் வருகிறது. நமக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், ஆனால் உறையில் தமிழ் இல்லை. பரசிட்டமோல் என்றால் பரவாயில்லை. கிழமைக்கு ஒரு நாள் மருந்துக்கு அந்த ஒரு வரி உயிர்.

இந்த ஊரில் நின்று இதைச் சொல்லும்போது கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. 1820 இல் ஜோன் ஸ்கடர் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் வந்து குடியிருந்து நோயாளரைப் பார்த்தது இந்தப் பண்டத்தரிப்பில்தான். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர்தான் வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர். ஸ்கடருக்குப் பிறகு வந்த சாமுவேல் கிறீன், இங்கிருந்து சில மைல் தள்ளி மானிப்பாயில், மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். இரண வைத்தியம், வைத்தியாகரம் என்று தடித்த தடித்த புத்தகங்களைத் தமிழில் கொண்டுவந்தார். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார். மிஷனின் நோக்கம் மதம் பரப்புவது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் அறுவைச் சிகிச்சையையே தமிழில் எழுத முடிந்தது. இன்று "ஞாயிற்றுக்கிழமை மட்டும்" என்று இரண்டு சொல் எழுத முடியாதா? தமிழ் இந்த நாட்டில் அரசகரும மொழி. ரப்பர் முத்திரை ஒன்று செய்தால் போதும். உறையில் எழுதித் தரும்வரை, மருந்து எடுக்கும் ஜன்னலிலேயே நின்று கேட்டு, நீங்களே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

செலவுக்கு வருவோம். ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். ஆனால் 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது இறக்குமதி நின்று, "வெளியில் வாங்குங்கள்" என்ற துண்டு பழக்கமாகிவிட்டது. அதே வருடம் மருந்து விலைகளையும் உயர்த்தினார்கள். இன்றும் சில மாதம் இருக்கும், சில மாதம் இருக்காது. அந்தத் துண்டில் கம்பனிப் பெயர் மட்டும் எழுதியிருந்தால், பாமசிக்காரர் அதையே எடுத்து வைப்பார். அதே மருந்து வேறு கம்பனியில் பாதி விலைக்கு இருக்கலாம்.

இந்தச் சண்டையை நமக்காக முன்பே ஒருவர் போட்டார். ஊவாவின் பிபிலையைச் சேர்ந்த பேராசிரியர் சேனக பிபிலே. 1971 இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது அதன் தலைவர் அவர்தான். மருந்துகளைப் பொதுப்பெயரில், உலகம் முழுக்கக் கேள்விப்பத்திரம் அழைத்து, குறைந்த விலையில் இறக்கினார். தேவையில்லாத இரட்டைப் பெயர்களை வெட்டி, இரண்டாயிரத்துக்கு மேலிருந்த பட்டியலை அறுநூறு அளவுக்குக் குறைத்தார். பெரிய கம்பனிகள் சும்மா இருக்கவில்லை. அவர் 1977 இல் கயானாவில் இறந்தார். அவருடைய வழியில்தான் 2015 இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் வந்தது. அந்தக் கூட்டுத்தாபனத்தின் கடைதான் ஒசுசல. ஆகவே டாக்டரிடம் "பொதுப்பெயரையும் எழுதித் தாருங்கள், சேர்" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. வாங்கும்போது முதலில் ஒசுசலவில் விலை கேளுங்கள். 15 மில்லிகிராம் எடுப்பவருக்கு மாதம் 2.5இன் வில்லைகள் 24 போதும். மூன்று மாதத்துக்கு என்று தனியார் கடை கட்டித் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அளவு மாறலாம்.

உண்மையில் மருந்தைவிட மருந்து எடுக்கப் போவதுதான் நம்மைச் சாப்பிடுகிறது. கிளினிக்குக்கு ஒரு நாள், இரத்தம் கொடுக்க ஒரு நாள். 1350 ரூபாவாக இருந்த நாட்சம்பளத்தை 2026 வரவு செலவுத் திட்டம் 1550 ஆக்கி, வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கம் 200 ரூபா சேர்த்துத் தரும் என்றது. வரவேற்றோம். ஆனால் வருத்தக்காரிக்குக் கணக்கு தலைகீழ்: இரண்டு நாள் போனால் 3500 ரூபா, பஸ் காசு வேறு. அதனால்தான் சனங்கள் கிளினிக்கை விடுகிறார்கள். இரத்தப் பரிசோதனையையும் விடுகிறார்கள். ஈரலும் இரத்த அணுவும் என்ன ஆகின்றன என்று பார்க்காமல் இந்த மருந்தைத் தொடரக்கூடாது.

இதற்கு நாங்கள் செய்து பார்த்தது ஒன்று. கண்டியிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம், மாதாந்த இரத்தப் பரிசோதனையைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் செய்யக் கடிதம் கேட்டோம். கொடுத்தார். ஒரு நாள் மிச்சம். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு, கடிதத்தோடு போய் லேசான வேலை கேட்டோம். துரை முதலில் முடியாது என்றார். மூன்று தடவை போன பிறகு பிள்ளைக் காம்பராவில் வேலை கிடைத்தது, பேர் குறையாமல். எல்லாத் தோட்டத்திலும் அப்படிக் கிடைக்காது என்பது தெரியும். அஸ்வெசுமவில் சிறுநீரக நோயாளருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தலைப்பு இருக்கிறது, முடக்குவாதத்துக்கு இல்லை. கிளினிக் நாளைச் சம்பள நாளாக எண்ண வேண்டும் என்பதை அடுத்த பேச்சுவார்த்தைப் பட்டியலில் எங்கள் கிளை சேர்த்திருக்கிறது. உங்கள் சங்கமும் கேட்டால் பலம். ஊசி மருந்துகள், பயோலொஜிக் என்பவை, மிக விலை உயர்ந்தவை. டாக்டர் அதை எழுதினால் காணியை அடகு வைக்க முன்னால் பிரதேச செயலகத்தில் ஜனாதிபதி நிதியம் பற்றிக் கேளுங்கள். அந்த ஊசிக்கு முன் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பதும் கட்டாயம்.

இன்னும் சில வார்த்தை. மெதோட்ரெக்ஸேட் வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு கிழமை எடுக்கும். மூன்றாம் கிழமையில் "பிரயோசனமில்லை" என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். அந்த இடைவெளிக்குத்தான் பிரெட்னிசொலோன் தருகிறார்கள். அது மலிவு, உடனே சுகம், அதனாலேயே ஆபத்து: நீண்ட நாள் எடுத்தால் எலும்பு மெலியும், சீனி ஏறும், திடீரென்று நிறுத்தினாலும் கேடு. பெயர் சொல்லாத சூரணத்தில் இதையே கலந்து விற்கிறவர்களும் உண்டு. நாட்டு வைத்தியரின் எண்ணெய் பூசுங்கள், ஒத்தடம் கொடுங்கள், அதற்காக வில்லையை விடாதீர்கள். கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் மாதக்கணக்கில் முன்னதாகவே டாக்டரிடம் சொல்ல வேண்டும், இந்த மருந்து சிசுவைப் பாதிக்கும். சாராயம் கூடாது. பீடி சிகரட் நோயையே கூட்டும். காய்ச்சலுக்கு எந்த டிஸ்பென்சரிக்குப் போனாலும் மெதோட்ரெக்ஸேட் எடுக்கிறோம் என்று முதலில் சொல்லுங்கள், சில அன்டிபயோடிக் அதோடு சேரக்கூடாது. வாய்ப்புண், காய்ச்சல், மூச்சுத் திணறல் வந்தால் அடுத்த வில்லையை எடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு.

கிளினிக் கொப்பியும் மருந்து உறையும் கொண்டு வந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் பின்னால் உள்ள மேசைக்கு வாருங்கள். எங்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் பேனையோடு இருக்கிறார்கள். உறையில் தமிழில் எழுதித் தருவார்கள். எழுத முன் உங்கள் கொப்பியிலுள்ள அளவை, இங்கே வந்திருக்கும் தாதி அக்கா ஒருமுறை சரிபார்ப்பார்.