கேட்டுவிட்டு எழுதுங்கள்

உடையார்பாளையம், ஆண்டிமடம், தா.பழூர், மீன்சுருட்டி என்று சுற்று வட்டாரத்திலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்திருக்கும் பெற்றோர்களே, இன்று பட்டம் வாங்கும் பிள்ளைகளே!

எம்.எஸ்சி உணவியல் படிப்பின் கடைசிப் பருவத்தில் உங்கள் பிள்ளைகள் என்ன பாடு பட்டார்கள் என்பதை முதலில் பெற்றோர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எழுத்துத் தேர்வோடு இந்தப் படிப்பு முடிவதில்லை. செய்முறைத் தேர்வில் ஒரு நோயாளியின் வயது, எடை, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் எழுதிய சீட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அவருக்கு எத்தனை கலோரி, எவ்வளவு புரதம், எவ்வளவு உப்பு என்று கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்குக்குள் அடங்கும் சாப்பாட்டைக் குறித்த நேரத்துக்குள் சமைத்துத் தட்டில் வைத்துக் காட்டவும் வேண்டும். அதற்கு முன்னால் மருத்துவமனைப் பயிற்சி, வார்டு வார்டாக எடுத்த குறிப்புகள், கையெழுத்து வாங்கிய ரெக்கார்டு நோட்டு. அதற்கும் மேலே ஆய்வேடு. எல்லாம் முடிந்து கடைசியாக வைவா என்னும் வாய்மொழித் தேர்வு. இவ்வளவையும் தாண்டித்தான் இந்தக் கறுப்பு அங்கியைப் போட்டிருக்கிறார்கள்.

மருத்துவமனை டயட் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே, பல கல்லூரிகளுக்கு வெளித்தேர்வாளராகவும் போய் வந்தவள் நான். வைவாவில் எந்தப் பிள்ளை வந்து உட்கார்ந்தாலும் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பேன். "இந்த டயட் சார்ட்டை எழுதுவதற்கு முன்னால் அந்த நோயாளியிடம் என்ன கேட்டாய்?" கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளைகளும் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். சார்ட் பார்க்க அழகாக இருக்கும். காலையில் ஓட்ஸ், பதினொரு மணிக்கு ஆப்பிள், ராத்திரிக்குக் காய்கறி சாலட். விடியற்காலையில் டீயைக் குடித்துவிட்டுக் கொல்லைக்குப் போய், பதினொரு மணிக்குப் பழைய சோறு சாப்பிடும் ஒரு தாய்க்கு அந்தக் காகிதம் எதற்கு உதவும்?

நம் நாட்டு ஊட்டச்சத்து ஆராய்ச்சியின் தொடக்க காலத்திலும் இப்படி ஒரு கேள்விதான் வழிகாட்டியது. 1918-இல் நீலகிரி குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு பிரிவைத் தொடங்கினார். அது வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. அன்றைய சென்னை மாகாணத்தில் சோறு சாப்பிடுபவர்கள் எங்கும் இருந்தார்கள். ஆனாலும் பெரிபெரி ஆந்திரக் கடற்கரைப் பக்கம்தான் ஆட்களைச் சாய்த்தது, தமிழ்நாட்டுப் பக்கம் அவ்வளவாக வரவில்லை. எந்த அரிசியைச் சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தபோதுதான் விஷயம் துலங்கியது. அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி, இங்கே புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும், பெரிபெரியைத் தடுக்கும் தயமின் என்ற சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதாகப் போய்விடுவதில்லை. நெல் அவித்த நம் பாட்டிமார்களுக்குத் தயமின் என்ற பெயர் தெரியாது. ஆனால் அவர்கள் அவித்த நெல் ஒரு நோயைத் தள்ளி நிறுத்தியிருக்கிறது.

உங்கள் மேசையில் எப்போதும் கிடக்கும் உணவுச்சத்து அட்டவணையைத் தந்த சி.கோபாலன் சேலத்தில் பிறந்தவர். கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியைக் கட்டி வளர்த்த ராஜம்மாள் தேவதாஸ், அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுத் திரும்பி வந்து இங்கேயே வேலை பார்த்தவர். இந்தப் படிப்பை நமக்கு உண்டாக்கித் தந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். அதை நீங்கள் ஒருநாளும் மறக்கக் கூடாது.

இப்போது நம் அரியலூர்ப் பக்கத்துக்கு வருகிறேன். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பெண்களில் ஒருத்திக்கு மேல். இந்த அரங்கிலும் அந்தக் கணக்கு பொய்யாகாது. இரும்புச்சத்து மாத்திரையை அரசாங்கம் இலவசமாகவே கொடுக்கிறது, கீரையும் பயறும் நம் சமையலில் இல்லாமல் இல்லை. இருந்தும் ஏன்? கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்பு உடம்பில் எளிதில் சேராது. சாப்பிட்ட கையோடு ஒரு டீ குடித்தால் சேருவதும் குறைந்துபோகும். கூடவே வைட்டமின் சி போனால் சேருவது நன்றாகக் கூடும்.

வைட்டமின் சி-க்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமா? ஜெயங்கொண்டத்திலிருந்து ஆண்டிமடம் போகும் வழியெல்லாம் முந்திரிக் காடு. கோடை பிறந்ததும் காய்ப்பு. கொட்டைக்கு விலை உண்டு, பழத்துக்கு இல்லை. கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியில் போட்டுவிட்டுப் போகிறோம். அடுத்த நாளே அது அழுகி ஈ மொய்க்கிறது. அந்தப் பழத்தில் ஆரஞ்சில் இருப்பதைப்போல நான்கைந்து மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. தொண்டையைக் கரகரவென்று பிடிக்கும், அதனால்தான் ஆளுக்கு ஒன்றிரண்டை உப்புத் தொட்டுத் தின்பதோடு விட்டுவிடுகிறோம். அந்தக் காறல் டானினால் வருவது. அதைப் போக்க வழி இருக்கிறது. பழத்தைப் பிழிந்த சாற்றில் கொஞ்சம் ஜவ்வரிசிக் கஞ்சியைக் கலந்து ராத்திரி முழுக்க வைத்தால் டானின் அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்த சாற்றை இறுத்துக்கொள்ளலாம். கேரள வேளாண் பல்கலைக்கழகம் இந்த முறையில் சிரப்பும் குளிர்பானமும் செய்து காட்டியிருக்கிறது. இத்தனை முந்திரி விளையும் நம் மண்ணில் இதைச் செய்து காட்டவேண்டியவர்கள் நீங்கள்தான். ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடி அலையும் அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன்.

அடுத்தது ரேஷன் அரிசி. நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ வீதம் செறிவூட்டிய அரிசி மணிகளைக் கலந்து வந்தார்கள். அவற்றில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி-12-ம் இருந்தன. அரிசி களையும்போது அந்த மணிகள் சில மேலே மிதந்தன. உடனே "பிளாஸ்டிக் அரிசி" என்ற பேச்சு கிளம்பிவிட்டது. முறத்தில் அரிசியைப் பரப்பி, அந்த மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறியும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ரத்தசோகைக்காரப் பெண் தனக்காகச் சேர்த்த இரும்பைத் தன் கையாலேயே எடுத்துப் போட்டாள். அவளைக் கோபித்து என்ன பயன்? யாரும் வந்து அவளிடம் சொல்லவில்லை. இப்படிப்பட்ட ஒரு திண்ணையில் போய் உட்கார்ந்து, அந்த முறத்தை வாங்கி, அது என்னவென்று நிதானமாகச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் வேறு யார்?

சர்க்கரை நோயைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-இல் தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று சொன்னது. ஊரில் நடப்பதை மட்டும் சொல்கிறேன். "எனக்குச் சுகரு, சோத்தை விட்டுட்டேன், கேவுரு களிதான்" என்பார் ஒரு பெரியவர். ஒரு உருண்டையா, மூன்று உருண்டையா என்று நீங்கள் கேட்க வேண்டும். நூறு கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து என்றால் கேழ்வரகில் 72 கிராம், கோதுமையிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்தும் நார்ச்சத்தும் கூடுதல், நல்ல தானியம், சந்தேகமில்லை. அளவு தெரியாமல் சாப்பிட்டால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு வெயில் காலத்தில் சொந்தக்காரர்கள் பாசத்தோடு இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். அதில் இருக்கும் பொட்டாசியம் அவர்களுக்கு எமன். இதையும் நீங்கள் கேட்காமல் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. "என்னம்மா சாப்பிட்டீங்க?" என்றால் "சாப்பாடுதான்" என்று பதில் வரும். நேற்றுக் காலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வாருங்கள். எந்த டம்ளரில் டீ, எத்தனை கரண்டி சர்க்கரை, மதியம் யார் யார் சாப்பிட்ட பிறகு அவர் உட்கார்ந்தார், அப்போது குழம்பில் காய் மிச்சம் இருந்ததா. எண்ணெய் எவ்வளவு என்று நேராகக் கேட்டால் "கொஞ்சம்தான்" என்பார்கள். மாதம் எத்தனை பாக்கெட், வீட்டில் எத்தனை பேர் என்று கேளுங்கள், கணக்கு தானாக வந்துவிடும். இதற்கெல்லாம் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரம்தான் நம் தொழில். சார்ட் எழுத இப்போது கைப்பேசியே போதும்.

ஒரு கவலையையும் இந்த மேடையில் சொல்லியாக வேண்டும். வாரக்கணக்கில் ஏதோ ஒரு பயிற்சி முடித்தவர்களும் டயட்டீஷியன் என்று போர்டு மாட்டிக்கொள்கிறார்கள். பவுடர் டப்பா விற்பவர்களும் அப்படியே சொல்லிக்கொள்கிறார்கள். 2021-இல் நாடாளுமன்றம் மருத்துவம் சார்ந்த தொழில்களுக்காக ஒரு ஆணையச் சட்டம் இயற்றியது. உணவியல் வல்லுநர்களும் அதற்குள் வருகிறார்கள். பதிவு நடைமுறைகள் எதுவோ அதை முறையாகச் செய்துகொள்ளுங்கள், சோம்பல் படாதீர்கள். பதிவுத் தேர்வு எழுத வாய்ப்புள்ளவர்கள் கையோடு எழுதிவிடுங்கள், படித்தது மறப்பதற்கு முன்னால்.

உங்களில் பலர் சென்னைக்கும் பெங்களூருக்கும் போவீர்கள். சம்பளம் அங்கேதான் இருக்கிறது, போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒருசிலராவது இங்கே இருங்கள். அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மாத்திரை வரும் அதே வாசலுக்குச் சாப்பாட்டைப் பற்றிப் பேசத் தெரிந்த ஒருவரும் வர வேண்டும். ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் படித்துத் தேறிய ஒரு உணவியல் வல்லுநருக்கு நிரந்தரப் பணியிடம் வேண்டும் என்று இங்கே வந்திருக்கும் அதிகாரிகளையும் மக்கள் பிரதிநிதிகளையும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். படித்த பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள். இனி நீங்கள்தான் செய்ய வேண்டும்.