கணக்கெடுக்க வர்றவங்ககிட்ட ‘சும்மா இருக்கேன்’ என்று சொல்லாதீங்க

(கூட்டமைப்பின் மாதாந்திரப் பிரதிநிதிகள் கூட்டத்தில் களப்பணிக் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கிக் கடன், தணிக்கை எல்லாம் மதியத்துக்கு மேல் இருக்கிறது. காலையில் நாங்கள் பேச எடுத்துக்கொண்டது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. நம்ம பேச்சில் சொன்னால் சென்சஸ். கடைசியாக 2011-ல் எடுத்தார்கள். 2021-ல் நடந்திருக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போனது. பிறகு 2025 ஜூன் மாதம் அரசு அறிவிப்பு வந்தது. முதலில் வீடுகளைக் கணக்கெடுப்பது, அடுத்து 2027 பிப்ரவரியில் ஆட்களைக் கணக்கெடுப்பது, 2027 மார்ச் 1-ம் தேதியை வைத்துக் கணக்கை முடிப்பது என்று அதில் சொல்லியிருக்கிறார்கள்.

“வருவாங்க, கேப்பாங்க, எழுதிட்டுப் போவாங்க, நமக்கென்ன?” என்று குழுக் கூட்டங்களில் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். எழுதிக்கொண்டு போனது எங்கே போகிறது, யார் அதைப் படிக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் வாசலில் நிற்பவருக்கு என்ன பதில் சொல்வது என்பது விளங்கும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறோம்.

நம்ம குழுவின் சேமிப்புப் பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு உறுப்பினருக்கு ஒரு வரிசை. சந்தா, சேமிப்பு, உள்கடன், வட்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். கட்டத்துக்குள்ளே எண் இருந்தால்தான் கீழே கூட்டல் போட முடியும். “அப்புறம் தருவதாகச் சொன்னார்” என்று எழுதி வைத்தால் கூட்ட முடியுமா? சென்சஸும் அதே மாதிரிதான். நீங்கள் சொல்லும் பதில் ஒரு எண்ணாக மாறி ஒரு கட்டத்துக்குள்ளே போய் உட்காருகிறது. ஆணா பெண்ணா என்பதற்கு ஒரு எண், படித்தவரா என்பதற்கு ஒரு எண், வேலை செய்கிறாரா என்பதற்கு ஒரு எண். கம்ப்யூட்டருக்கு நம்ம கதை எதுவும் தெரியாது. அந்த எண் மட்டும்தான் தெரியும்.

முன்காலத்தில் நம் நாட்டில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சீட்டு போட்டு, புறாக்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும் பெட்டியில் கையாலேயே பிரித்துப் போட்டு எண்ணினார்கள். அமெரிக்காவில் ஹெர்மன் ஹாலரித் என்பவர் அட்டையில் துளை போட்டு, இயந்திரம் அந்தத் துளைகளை எண்ணும்படி செய்தார். 1890-ல் அந்த நாட்டு சென்சஸை அப்படித்தான் எண்ணினார்கள். நம் நாட்டில் 2001-லும் 2011-லும் கணக்கெடுப்பாளர் கையால் எழுதிய படிவத்தை ஸ்கேன் செய்து, அந்தக் கையெழுத்தைக் கம்ப்யூட்டரே படித்தது. வரப்போவதில் படிவமே செல்போனில்தான் என்று அறிவித்திருக்கிறார்கள்.

இப்படிச் சேர்ந்த எண்கள் ஊர்வாரியாக எக்ஸெல் கோப்பாக சென்சஸ் துறையின் இணையதளத்தில் கிடைக்கின்றன. யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுக்கலாம். ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு வரிசை. எத்தனை வீடு, எத்தனை ஆண், எத்தனை பெண், ஆறு வயது வரை உள்ள குழந்தைகள் எத்தனை, தாழ்த்தப்பட்டோர் எத்தனை, பழங்குடியினர் எத்தனை, எழுதப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை, விவசாயி எத்தனை, விவசாயக் கூலி எத்தனை என்று வரிசையாக இருக்கும். புத்தகத்தில் அச்சடித்திருந்தால் படிக்கத்தான் முடியும். கோப்பாக இருந்தால் கூட்டலாம், வகுக்கலாம், ஒரு ஊரை இன்னொரு ஊரோடு வைத்துப் பார்க்கலாம். பல்கலைக்கழகத்தில் மக்கள்தொகை பற்றி ஆராய்ச்சி செய்பவர், தமிழ்நாட்டின் ஏறக்குறைய 16 ஆயிரம் கிராமங்களையும் ஒரே தட்டில் கூட்டிவிடுவார்.

இங்கே ஒரு சின்ன விஷயம். அந்தப் பட்டியலில் நம்ம குக்கிராமத்தின் பெயரைத் தேடினால் கிடைக்காது. சென்சஸில் கிராமம் என்றால் வருவாய் கிராமம். வி.ஏ.ஓ. கணக்கில் உள்ள பெயர். ‘எங்க காலனியே இல்லையே’ என்று பயப்பட வேண்டாம், அது வருவாய் கிராமத்துக்குள் சேர்ந்திருக்கும்.

சரி, இந்தக் கோப்பால் என்ன தெரியவரும்? நம்ம சேலம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2011-ல் ஆறு வயது வரை உள்ள ஆண் குழந்தைகள் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம். பெண் குழந்தைகள் சுமார் 1 லட்சத்து 65 ஆயிரம். பெண்ணை ஆணால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 916 வரும். அதாவது ஆயிரம் ஆண் குழந்தைக்கு 916 பெண் குழந்தை. இயற்கையிலேயே ஆண் குழந்தை கொஞ்சம் கூடுதலாகத்தான் பிறக்கும். ஆயிரம் ஆணுக்கு 950 பெண் என்ற அளவில் இருக்கும். அதற்குக் கீழே நன்றாகக் குறைந்தால் நடுவில் மனிதர் கை பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

916-ஐ விட 2001-ல் இன்னும் மோசம். அப்போது 851. இந்த எண்ணைக் கேட்டு இங்கே வயதில் மூத்த அம்மாக்கள் சிலர் தலையைக் குனிவது தெரிகிறது. யாரையும் குற்றம் சொல்ல நாங்கள் இதைச் சொல்லவில்லை. கள்ளிப்பால், நெல்மணி என்று பேசத் தயங்கிய காலத்தில், எந்த ஊரிலும் யாரும் வாய் திறக்காதபோது, எண்கள்தான் பேசின. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு சேலத்தில்தான் முதலில் தொடங்கியது. 1990-களில் ஷீலா ராணி சுங்கத், வெங்கடேஷ் ஆத்ரேயா ஆகிய இருவரும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளை எடுத்து, எந்தெந்தப் பகுதியில் பெண் சிசு மரணம் அளவுக்கு மீறி இருக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தப் பதிவேடுகளில் எழுதியவர்கள் யார்? நம்ம ஊர் கிராம சுகாதார செவிலியர்கள். ஒரு நர்சம்மா சரியாக எழுதிய ஒரு வரி, பத்து வருஷம் கழித்து ஒரு திட்டமாகத் திரும்பி வருகிறது.

உங்கள் ஊருக்கும் இதே கணக்கைப் போடலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. சின்ன ஊரில் 30 ஆண் குழந்தை, 24 பெண் குழந்தை என்று இருந்தால் 800 வரும். உடனே ஊரைச் சந்தேகப்படக் கூடாது. குறைந்த எண்ணிக்கையில் தற்செயலாகவே ஏறும் இறங்கும். அடுத்த வருஷம் நாலு பெண் பிறந்தால் எண் மாறிவிடும். பத்து இருபது ஊரைச் சேர்த்துக் கூட்டி, ஒன்றிய அளவில் பார்த்தால்தான் உண்மை தெரியும். எண் கையில் கிடைத்ததும் வீடு வீடாகப் போய் விசாரிக்கிறேன் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்.

இப்போது நாங்கள் முக்கியமாகப் பேச வந்த இடத்துக்கு வருகிறோம். வேலை.

“நீங்க என்ன வேலை செய்றீங்க?” என்று கேட்டால் நம்மில் பாதிப்பேர் சொல்லும் பதில், “வீட்ல சும்மாதான் இருக்கேன்.” காலையில் நாலரை மணிக்கு எழுந்து ரெண்டு மாடு கறந்து, சொசைட்டியில் பால் ஊற்றி, ஆட்டைப் பிடித்துக் கட்டி, மதியம் சொந்தக் காட்டில் களை எடுத்து, சாயங்காலம் தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிற அக்காவும் இதைத்தான் சொல்கிறார். வீட்டுக்காரர் பதில் சொன்னால் இன்னும் சுருக்கம்: “அவ வீட்லதான்.” கணக்கெடுப்பாளர் ‘வீட்டு வேலை’ என்பதற்கான எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். அந்த அக்கா கம்ப்யூட்டரில் ‘வேலை செய்யாதவர்’.

சென்சஸ் விதியே வேறு. 1991-ல் இருந்து, சம்பளம் இல்லாமல் சொந்த நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ செய்யும் வேலையையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று படிவத்திலேயே அச்சடித்தார்கள். பெண்கள் வேலை விட்டுப்போகிறது என்று பெண்கள் அமைப்புகள் சண்டை போட்ட பிறகு வந்தது அது. 2001-ல் இன்னும் ஒரு படி மேலே போய், வீட்டுக்கு மட்டும் பால் கறந்தாலும் வேலைதான் என்று சேர்த்தார்கள். வருஷத்தில் ஆறு மாசமோ அதற்கு மேலோ செய்தால் முழுநேரத் தொழிலாளி, அதற்குக் குறைந்தால் குறுகிய காலத் தொழிலாளி. இரண்டும் தொழிலாளிதான்.

விதி இப்படி இருந்தும் 2011-ல் தமிழ்நாட்டில் நூறு பெண்களில் தொழிலாளியாகப் பதிவானது 32 பேருக்கும் கொஞ்சம் குறைவு. ஆண்களில் 59 பேர். குழந்தைகளும் வயதானவர்களும் இந்த நூறில் சேர்த்திதான், அதைக் கழித்துப் பார்த்தாலும் நம்ம ஒன்றியத்தைத் தெரிந்த யாரும் இந்த எண்ணை நம்ப மாட்டார்கள். ஆராய்ச்சி செய்பவர் நம்புவார். அவருக்கு அந்தக் கோப்பு மட்டும்தானே தெரியும்? ‘இந்த வட்டாரத்தில் பெண்கள் விவசாயம் செய்வதில்லை’ என்று அறிக்கை எழுதினால், பயிற்சியும் மானியமும் கருவியும் யார் பெயரில் வரும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

சமைப்பது, துவைப்பது, தண்ணீர் சுமப்பது, பிள்ளை பார்ப்பது மட்டும் செய்தால் சென்சஸில் வேலையாக எண்ணமாட்டார்கள். இது சரியில்லை என்பதுதான் எங்கள் கருத்து. அதற்கு வேறொரு கணக்கு இருக்கிறது. 2019-ல் மத்திய அரசு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்று ஒன்று எடுத்தது. வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிஷம் செலவிட்டார்கள். வீட்டு வேலை செய்த ஆண்கள் 97 நிமிஷம். அதிலும் வீட்டு வேலை செய்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். (அந்த 26 பேர் எந்த ஊர்ல இருக்காங்க என்று இங்கே ஒருவர் கேட்கிறார். எங்களுக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான்.)

ஆகவே, கேட்க வரும்போது வேலையை வேலையாகச் சொல்லுங்கள். மாடு வைத்திருக்கிறேன், சொந்தக் காட்டில் வேலை செய்கிறேன், இத்தனை மாசம் கூலிக்குப் போகிறேன், வீட்டில் பாய் பின்னுகிறேன் என்று செய்வதைச் சொன்னால் போதும். கூட்டிச் சொல்லவும் வேண்டாம், குறைத்துச் சொல்லவும் வேண்டாம். ‘தொழிலாளின்னு எழுதிட்டா நூறு நாள் அட்டை போயிடும், பென்ஷன் நின்னுடும்’ என்று ஒரு வதந்தி சுற்றுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் 1948-ன்படி நீங்கள் சொன்ன பதிலை வேறு யாருக்கும் காட்டக் கூடாது, கோர்ட்டில் சாட்சியாகவும் எடுக்க முடியாது. இணையதளத்தில் வரும் கோப்பில் பெயரோ கதவு எண்ணோ இருக்காது, ஊர் மொத்தம் மட்டுமே.

இன்னொரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்கும்போது மனசு வலிக்கும். 2011-ல் கல்யாணமான பெண்களிடம், உயிரோடு பிறந்த குழந்தைகள் மொத்தம் எத்தனை, இப்போது இருப்பது எத்தனை, அதில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கேட்டார்கள். பிறந்து மூணு நாளில் போன பிள்ளையை, பெயர் வைக்காத பிள்ளையை, பலர் சொல்வதில்லை. அந்நிய ஆள் முன்னால், மாமியார் பக்கத்தில் நிற்கும்போது யாருக்குத்தான் வாய் வரும்? ஆனால் பிறந்தது, இருப்பது என்ற இந்த இரண்டு எண்ணை வைத்துத்தான் ஒரு பகுதியில் குழந்தைச் சாவு எவ்வளவு என்று மதிப்பிடுகிறார்கள். காரணம் யாரும் கேட்கப் போவதில்லை. எண்ணிக்கை மட்டும் போதும். ஒரு நாள் உயிரோடு இருந்திருந்தாலும் அது கணக்கில் வர வேண்டிய பிள்ளை. ஆண்கள் யாராவது வாசலில் நின்றால், “இதை நான் சொல்றேன்” என்று நீங்களே முன்னால் வந்து பதில் சொல்லலாம்.

இதே காரணத்தால்தான் செல்போனில் நாமே பதிவு செய்துகொள்ளும் வசதியைப் பற்றி எங்களுக்கு ஒரு கவலை. வசதி நல்லதுதான். ஆனால் வீட்டில் போன் யார் கையில்? மகனோ வீட்டுக்காரரோ அஞ்சு நிமிஷத்தில் எல்லோருக்கும் நிரப்பிவிட்டு, அம்மா என்ற இடத்தில் ‘வீட்டு வேலை’ என்று தட்டிவிடுவார். போனில் பதிவு செய்தால் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் வரிசையை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். குழுப் பதிவேட்டில் நம்ம பாக்கியைச் சரி பார்க்காமல் கையெழுத்து போடுகிறோமா?

எண்கள் கணக்கில் வருவது ஆராய்ச்சிக்கு மட்டும் இல்லை. மத்திய அரசின் ரேஷன் தானியம் எந்த மாநிலத்தில் எத்தனை பேருக்கு என்பது 2011 கணக்கை வைத்துத்தான் போட்டது. ஊராட்சி வார்டு ஒதுக்கீட்டுக்கும் சென்சஸ்தான் அடிப்படை. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்று 2023-ல் நிறைவேறிய சட்டத்திலும், அதற்குப் பின் நடக்கும் முதல் சென்சஸ் முடிந்து தொகுதி வரையறை செய்த பிறகு என்றுதான் எழுதியிருந்தார்கள்.

கடைசியாக, போன மாசம் ஒரு பாட்டி கேட்ட சந்தேகம். “வீட்டுக்காரர் பேரைச் சொல்லணுமா? நான் இதுவரைக்கும் சொன்னதில்லையே.” 1948 சட்டத்திலேயே இதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். வழக்கத்தினால் பெயர் சொல்லக் கூடாது என்றிருந்தால், கணவர் பெயரையோ இறந்துபோன கணவர் பெயரையோ சொல்லும்படி எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்த முடியாது. பாட்டி பேரனை விட்டுச் சொல்லச் சொல்லலாம். மாட்டைப் பற்றி மட்டும் பாட்டியே சொல்லட்டும்.

உங்கள் வருவாய் கிராமத்தின் 2011 வரிசையைத் தமிழில் எழுதி, ஊருக்கு ஒரு தாளாக பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறோம். ஊர் பெயர் கூப்பிடும்போது பிரதிநிதிகள் கையெழுத்து போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ‘பெண் தொழிலாளர்’ என்ற கட்டத்தில் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறோம். குழுக் கூட்டத்தில் அதை வாசித்துவிட்டு, அன்றைக்கு வந்திருக்கும் உறுப்பினர்களில் மாடு, காடு, கூலி, தறி என்று வேலை செய்பவர்கள் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொல்லி எண்ணுங்கள். அந்த எண்ணைத் தாளின் பின்பக்கம் எழுதி, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள். சாப்பாடு தயாராகிவிட்டது என்கிறார்கள், முதலில் தாளை வாங்கிக்கொள்ளுங்கள்.