தாத்தாவின் துப்பாக்கியும் பேத்தியின் தோளும்

(கரமனையில் நடந்த நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மாதம் ரேஷன் கார்டு பற்றிப் பேசுவதாகத்தான் சுற்றறிக்கையில் போட்டிருந்தோம். அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். காரணம், நமது சங்கத்து வீடு ஒன்றில் நடக்க இருந்து, நல்ல வேளையாக நடக்காமல் போன ஒரு காரியம். அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் பேசுகிறோம். பெயர் சொல்லப் போவதில்லை. தெரிந்தவர்களும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

தோழர் சாலைக் கடைவீதியில் மூட்டை தூக்குகிறவர். மனைவி இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் என்.சி.சி.யில் சேர்ந்தாள். முகாமில் பாயிண்ட் 22 ரைபிளைக் கையில் கொடுத்தார்கள். படுத்துக் கொண்டு ஐந்து குண்டு சுட்டாள். ஐந்தும் ஒரு உள்ளங்கை அளவுக்குள் போய் விழுந்திருக்கிறது. சுடச் சொல்லிக் கொடுத்த ஹவில்தார் அந்தக் காகிதத்தை மடித்து அவள் கையிலேயே கொடுத்து, "வீட்டில் காட்டு" என்று அனுப்பினார். வந்தது வினை!

வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது. பிள்ளையின் தாத்தா மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பிப் போகிறபோது, தன்னுடைய பாயிண்ட் 22 ரைபிளை அவருக்கு விற்றுவிட்டுப் போனார். தாத்தா முறையாக உரிமம் எடுத்தார். காலாகாலத்தில் புதுப்பித்தார். விஜயதசமிக்குப் பொட்டு வைத்தார். வேலை முடிந்து மகனோடு கரமனைக்கு வந்தபோது ஒரு டிரங்குப் பெட்டியில் அதுவும் வந்தது. இரண்டு வருஷம் முன்பு அவர் காலமானார். துப்பாக்கி பெட்டியிலேயே கிடந்தது.

நாம் சந்தா வாங்கப் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்த காட்சியைச் சொல்கிறோம். கொல்லைப் புறத்தில் பெஞ்சு போட்டு, அதன்மேல் ரைபிளைக் கிடத்தியிருக்கிறார்கள். குழலின் நுனியிலிருந்து அரை அடி தள்ளிச் சாக்பீஸில் ஒரு கோடு. பக்கத்துத் தெரு ஆசாரி கையில் ஆக்ஸா பிளேடு. குழலின் மறுமுனை ஆடாமல் பிடித்துக் கொண்டு நிற்பது யார்? அந்தப் பிள்ளை!

"முன்பாரம் தாங்கவில்லை சார், பிள்ளைக்குத் தக்கபடி சின்னதாக்குகிறோம்" என்றார் தோழர், சட்டை தைக்கக் கொடுப்பதைப் போல.

நிறுத்துங்கள் என்றோம். நமக்குத் துப்பாக்கியைப் பற்றி அப்போது ஒன்றும் தெரியாது. ரயில்வேயில் எழுத்துப் பணி பார்க்கிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. நம்பர் குத்திய எந்தப் பொருளில் கை வைப்பதற்கு முன்னாலும் புத்தகத்தைப் பார்ப்பான். அந்தப் பழக்கம்தான் நிறுத்தச் சொன்னது. மறுநாள் சங்கத்து வக்கீல் தோழர் புத்தகத்தைத் திறந்து காட்டியபோது நமக்கே கை நடுங்கியது.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் ஆறாவது பிரிவு ஒரு சின்னப் பிரிவு. அதற்கென்று தனி உரிமம் இல்லாமல் எவரும் துப்பாக்கியின் குழலைக் குட்டையாக்கக் கூடாது என்கிறது. மீறினால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது ஏழு ஆண்டு சிறை. அதிகம் போனால் ஆயுள். உன் வீட்டுப் பொருள், உன் தகப்பன் பொருள் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. குழல் குட்டையானால் துப்பாக்கியை மடியில் மறைக்கலாம். அதனால்தான் இந்தக் கடுமை. மூட்டை தூக்குகிறவனை ஏழு வருஷம் உள்ளே வைத்தால் அந்த வீடு என்ன ஆகும்?

ஆனால் தோழர்களே, அந்தத் தகப்பனை முட்டாள் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவர் ஆசைப்பட்டதில் என்ன குற்றம்? இளவேனில் வாலறிவன் 1999-இல் கடலூரில் பிறந்தவர், பிழைக்கப் போன தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையாகக் குஜராத்தில் வளர்ந்தவர். 2019-இல் ரியோ டி ஜெனிரோவில் உலகக் கோப்பைப் போட்டியில் பத்து மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வாங்கினார். டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் போனார். நம் இனத்துப் பிள்ளைக்கு வெளியூரில் இது நடந்திருக்கிறது. 2024-இல் பாரிஸில் ஐம்பது மீட்டர் ரைபிளில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே யார்? அப்போது மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர்! இதைச் சொல்லும்போது ரயில்வேக்காரனுக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரத்தான் செய்யும், பொறுத்துக் கொள்ளுங்கள்.

போட்டிக்கான ரைபிள் விலையோ லட்சங்களில். மூட்டைக் கூலியில் அதை எப்போது வாங்குவது? பெட்டியில் கிடக்கிறதை எடுத்துச் சரி செய்வோம் என்றுதான் ஏழை வீட்டில் தோன்றும். அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் பிடித்துத் தைப்பவர்கள் அல்லவா நாம்!

துப்பாக்கி யார் கையில் இருக்கலாம் என்பது இந்த நாட்டில் என்றைக்குமே அரசியல்தான். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட 1801-ஆம் ஆண்டிலேயே, தென்பாண்டிப் பாளையங்களில் கோட்டைகளை இடித்து ஆயுதங்களைப் பறிக்கும் பிரகடனம் வந்தது. லிட்டன் பிரபு காலத்தில், 1878-இல், பிரிட்டிஷ் இந்தியா முழுவதுக்கும் ஆயுதச் சட்டம் போட்டார்கள். இந்தியனுக்கு உரிமம் வேண்டும், வெள்ளைக்காரனுக்கு விலக்கு! பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே ஆண்டுதான். குடகர்களுக்கு மட்டும் 1861-லேயே விலக்கு கொடுத்தார்கள். அது இன்றும் தொடர்கிறது. 2019-இல் மத்திய அரசு அதைப் பத்தாண்டுக்கு நீட்டியது. குடகில் கைல்போது பண்டிகையன்று துப்பாக்கிகளைத் துடைத்து வைத்து, குழலின் வாயில் நம் செங்காந்தள் பூவைச் செருகி வணங்குவார்கள். அவர்கள் அதைத் துப்பாக்கிப் பூ என்றே அழைக்கிறார்கள். அந்த மலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன நம்மவர்களுக்குப் பூ உண்டு, துப்பாக்கி கிடையாது. இதைச் சொல்வதால் எல்லாருக்கும் துப்பாக்கி கொடு என்று நாம் கேட்பதாக யாரும் எழுதிவிட வேண்டாம்.

கதைக்கு வருவோம். உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடையில் ஐம்பது வருஷமாக இதே வேலை செய்யும் ஒரு முதியவர் இருக்கிறார். ரைபிளை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு, பிள்ளையை மட்டும் அவரிடம் அழைத்துப் போனோம். அவர் முதலில் கேட்ட கேள்வி, "பிள்ளையின் கை எவ்வளவு நீளம்?"

முழங்கையை மடக்கச் சொன்னார். மடக்கிய இடத்திலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை நாடா பிடித்தார். பதினொன்றேமுக்கால் அங்குலம். கட்டையின் பின்பக்கத்திலிருந்து விசை வரையிலான நீளம் அந்த அளவுக்கு ஒட்டி வர வேண்டுமாம். பெரியவர்களுக்கான ரைபிளில் அது பதின்மூன்றரை அங்குலம் அளவில் இருக்கும். தாத்தாவின் ரைபிளும் அப்படித்தான் என்பதை வீட்டில் அளந்து பார்த்துக் கொண்டோம். ஆக, அதிகமாக இருந்தது ஒன்றேமுக்கால் அங்குலம். அதுவும் தோளில் வைக்கும் மரக்கட்டையில்! இவர்கள் அரை அடி வெட்டப் போனது இரும்புக் குழலில். நோவு ஓரிடம், கட்டு வேறிடம்.

கட்டை நீளமாக இருந்தால் பிள்ளை என்ன செய்யும்? தலையை முன்னே நீட்டும், முதுகைப் பின்னே வளைக்கும், தோளை முறுக்கும். அப்படிப் பழகிவிட்டால் பிறகு எந்தப் பயிற்சியாளர் வந்தாலும் நிமிர்த்துவது கஷ்டம். முன்பாரத்துக்கு வழி, படுத்துச் சுடுவதும், மணல் மூட்டையில் தாங்கிச் சுடுவதும், தோல் வாரைக் கையில் சுற்றிக் கொள்வதும்தான். குழலை வாளால் அறுத்தால் நுனியின் வாய் சிதையும், குறிமுள் போய்விடும், பிறகு குண்டு எங்கே போகும் என்று சுடுகிறவருக்கே தெரியாது என்றார்.

பழைய கட்டையையும் வெட்டக் கூடாதாம். வெட்டின மரம் வளராது, பிள்ளை வளரும். அதனால் இன்னொரு மரத்தில் குட்டையாக ஒரு கட்டை செய்து மாட்டுவது, பின்னால் தகடு தகடாகச் சேர்த்து நீட்டிக் கொள்ள இடம் வைப்பது, தாத்தாவின் கட்டையைத் துணி சுற்றிப் பத்திரமாக வைப்பது. அவள் பெரியவளானதும் அதையே திரும்ப மாட்டலாம். இதைக் கேட்டதும் அந்தத் தகப்பன் முகத்தில் வந்த தெளிவை நாம் பார்த்தோம். தகப்பனார் கன்னம் பட்டுப் பட்டுக் கறுத்த மரத்தில் வாள் வைக்க அவருக்கும் மனமில்லாமல்தான் இருந்திருக்கிறது.

துருவைப் பற்றியும் சொன்னார். வீட்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. எண்ணெயில் ஊறவிட்டு, மெல்லிய இரும்பு நாரால் மெதுவாக எடுக்க வேண்டும். குத்தியிருக்கும் நம்பர் தேய்ந்து அழிந்தால் அதுவே தனிக் குற்றம். அடையாளக் குறி இல்லாத துப்பாக்கியை வைத்திருக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துச் சிக்குப் பிடிக்கும். இத்தனை வருஷம் கிடந்த ரைபிளில் தோட்டா சரியாக உட்காருகிறதா, குழல் தாங்குமா என்று கைதேர்ந்தவர் பார்க்காமல் ஒரு குண்டுகூடப் போடக் கூடாது. எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் கேட்டார்: "உரிமப் புத்தகம் எங்கே?"

அங்கேதான் நம் வயிறு கலங்கியது.

உரிமம் தாத்தாவின் பேரில். தாத்தா இல்லை. உரிமம் என்பது வீடு வாசல் போலத் தானாகப் பிள்ளைக்கு வந்து சேர்வதில்லை. வைத்திருக்கும் உரிமை முடிந்ததும், அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ தாமதமின்றி ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பேருக்கு மனுப் போட வேண்டும். இவர்கள் இரண்டு வருஷம் பெட்டியில் வைத்திருந்தார்கள். அதாவது ஆக்ஸா பிளேடு வருவதற்கு முன்பே வீட்டில் குற்றம் உட்கார்ந்திருந்தது.

மரணச் சான்றிதழ், பழைய உரிமப் புத்தகம், வக்கீல் எழுதிய கடிதம் இவற்றோடு நாங்கள் மூன்று பேர் அந்தத் தோழரோடு காவல் நிலையம் போனோம். எந்த நிலையம் என்பது வேண்டாம். முதல் கேள்வி துப்பாக்கியைப் பற்றி வரவில்லை. "நீங்கள் எந்த ஊர்?" என்பதுதான் வந்தது. நாற்பது வருஷமாக இந்த ஊர் என்றோம். "அதில்லை, அதற்கு முன்னால்?" இந்தக் கேள்வி உங்களுக்கெல்லாம் பழக்கமானதுதான். மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். எழுதி வாங்கினார்கள். வழக்குப் போடவில்லை. ரைபிள் ரசீதோடு விற்பனையாளரிடம் போய்ச் சேர்ந்தது. தாமாக வந்து ஒப்படைத்ததும், குழல் முழுசாக இருந்ததும்தான் காப்பாற்றியது என்று வக்கீல் தோழர் சொன்னார்.

இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, உரிமதாரருக்கு எழுபது வயது ஆனாலோ, துப்பாக்கியை இருபத்தைந்து ஆண்டு வைத்திருந்தாலோ, எது முந்தியோ அப்போதே, உயிரோடு இருக்கும்போதே வாரிசு பேருக்கு மாற்ற மனுச் செய்யலாம். அந்தத் தாத்தாவுக்கு இரண்டு தகுதியும் இருந்தது. சொல்ல ஆளில்லை. பயிர்க் காவலுக்கென்று ஊரில் எடுத்த ஒற்றைக்குழல் நம் வீடுகள் சிலவற்றில் பரணில் கிடக்கிறது என்று நமக்குத் தெரியும். முகவரி மாறியதை எழுதிக் கொடுத்தீர்களா? உரிமம் எந்த ஆண்டு வரை? கூட்டம் முடிந்ததும் தனியாக வந்து சொல்லுங்கள், புத்தகத்தைப் பார்ப்போம்.

பிள்ளைக்கு வழி உண்டா? உண்டு. சொந்த உரிமத்துக்கு இருபத்தொரு வயது வேண்டும். 1983-க்கு முன்பு பதினாறாக இருந்தது. ஆனால் பன்னிரண்டு வயது நிறைந்த பிள்ளை, விதிகளில் உள்ள நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பெரியவர் பக்கத்திலிருந்து கண்காணிக்க, பயிற்சிக்காகச் சுடலாம். ஏர் ரைபிளுக்கோ, பாயிண்ட் 177 அளவுக்கும் இருபது ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாதவரை, உரிமமே வேண்டாம். 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக நம் வட்டியூர்க்காவில் சுடும் தளமே கட்டினார்கள். நகரம் முழுக்கப் பேசினோம், நம் பிள்ளைகள் எத்தனை பேர் உள்ளே போனார்கள்? தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொது ரைபிள்கள் வேண்டும் என்று மனு ஒன்று தயாராக இருக்கிறது. வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறோம், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

அந்தப் பிள்ளை இப்போது ஒரு பயிற்சிக் கழகத்தில் ஏர் ரைபிள் பழகுகிறாள். நாலு பேருக்கு ஒரு ரைபிள், முறை வைத்து. அதில் கட்டையின் பின்பகுதியைச் சாவி போட்டுத் திருகினால் முன்னும் பின்னும் நகர்கிறது.

தகப்பனாரின் மனு ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போய், விளக்கம் கேட்டுத் திரும்பி, மறுபடி போயிருக்கிறது. போன வாரம் நாம் போய் விசாரித்தபோது, கோப்பு மேசையில்தான் இருக்கிறது என்றார்கள். திரும்பும் வழியில் தகப்பனும் மகளுமாகக் கடைக்குப் போய், ரசீதைக் காட்டி ரைபிளைப் பார்த்தோம். பெரியவர் எண்ணெய் போட்டுத்தான் வைத்திருக்கிறார். புதுக் கட்டைக்கு மரம் அறுக்கச் சொல்லலாமா என்று தகப்பன் கேட்டார். பெரியவர் பதில் சொல்லாமல் நாடாவை எடுத்து மறுபடி பிள்ளையின் கையை அளந்தார். பன்னிரண்டரை.

"முதலில் கோப்பு வரட்டும். அப்புறம் பிள்ளையைக் கூட்டி வா, அன்றைக்கு அளந்து கொள்ளலாம்" என்றார்.