நான்கு வருடம் பார்க்காத மதுரை

(முன்னாள் மாணவர் சங்க விழாவில் ஆற்றிய உரை)

 

"பத்து நிமிஷத்துல முடிச்சிருப்பா" என்று செயலாளர் அண்ணன் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டு வாசனை இங்கேயே வருவதால் எட்டு நிமிஷத்திலேயே முடித்துவிடுகிறேன்.

நான் இங்கே நான்கு வருடம் சிவில் படித்தவன். மதுரையில் என்ன பார்த்தாய் என்று கேட்டால் சினிமா தியேட்டர்களை வரிசையாகச் சொல்வேன். திருமலை நாயக்கர் மகாலுக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. "உள்ளூர்தானே, எப்ப வேணா பாத்துக்கலாம்" என்ற நினைப்பு. வண்டியூர் தெப்பக்குளத்துக்கு மட்டும் ஞாயிறுதோறும் போவோம். அப்போது அதில் தண்ணீர் கிடையாது. போனது கிரிக்கெட் ஆட!

இதில் என்ன நஷ்டம் என்பீர்கள். சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், ஒரு பழைய வீட்டைப் பார்த்து அறிக்கை தரச் சொன்னார்கள். சுண்ணாம்புக் காரைச் சுவர், தேக்கு உத்தரம், மெட்ராஸ் டெரஸ். சுவரெல்லாம் ஓதம், பூச்சு உதிர்ந்து கிடந்தது. இருபது நிமிஷம் சுற்றி வந்தேன். "பாதுகாப்பற்றது, இடிக்கலாம்" என்று ஒரே பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இடிக்கும் அன்று போனால், சுவரில் கடப்பாரை இறங்கவில்லை. ஒரு சுவருக்கே இரண்டு நாள் ஆயிற்று. வயதான கொத்தனார் ஒருவர், "தம்பி, இது விழுற வீடா? மேல பூசுன சிமெண்டைச் சுரண்டிட்டு சுண்ணாம்பு பூசியிருந்தா இன்னும் எத்தனையோ வருஷம் நிக்குமே" என்றார். அந்த வீட்டுப் பாட்டி எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்த மாதமே மகாலுக்குப் போனேன். 1636-இல் கட்டியது. இன்று நிற்பது மூல அரண்மனையில் கால்வாசிதான். 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்க்க வைத்ததால் அதுவாவது மிஞ்சியது. சொர்க்க விலாசத்தின் நடுவே நின்று அண்ணாந்து பாருங்கள். அந்தப் பெரிய குவிமாடத்துக்கு இரும்பும் இல்லை, மர உத்தரமும் இல்லை, செங்கல்லும் சுண்ணாம்பும்தான். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லக் கல்லாகிறது. சுவரின் ஈரத்தை வெளியே விடுகிறது. அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி ஓதமாகும். நான் பார்த்த வீட்டின் நோய் அதுதான். எனக்கு அப்போது தெரியவில்லை.

தம்பிகளே, மகாலோடு நின்றுவிடாதீர்கள். பக்கத்துச் சந்தில் கடைகளுக்கு நடுவே பத்துத்தூண் நிற்கிறது. அரண்மனை எவ்வளவு பெரிது என்பது அங்கேதான் புரியும். மேலமாசி வீதியில் ஒரு மாடி வீடு. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறியது அங்கே தங்கியிருந்தபோதுதான். தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனை, 1959 முதல் காந்தி அருங்காட்சியகம். கால் வலித்தால் பக்கத்திலேயே ராஜாஜி பூங்கா. மாலையில் தெப்பக்குளம். கால்வாயைச் சரிசெய்து வைகைத் தண்ணீரைக் கொண்டு வந்துவிட்டார்கள். இனி அங்கே பேட்டோடு போக முடியாது! மகாலுக்குச் செங்கல் அறுக்க மண்ணெடுத்த பள்ளம்தான் இந்தக் குளம் என்று சொல்வார்கள். ஒரே நாளில் இத்தனையும் பார்த்துவிடலாம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் இந்த விழாவுக்கு மறுநாள், முதலாம் ஆண்டு மாணவர்களை இந்தச் சுற்றுக்கு நாமே அழைத்துப் போவோம். அடுத்த ஆண்டு பஸ் செலவு என்னுடையது. கூடவே ஒரு வயதான கொத்தனாரையும் அழைத்து வருகிறேன். பாடம் அவர் நடத்தட்டும்.

நாளைக்கு இடிக்கலாமா, காக்கலாமா என்று கையெழுத்துப் போடப் போவது நீங்கள்தான். இருபது நிமிஷத்தில் போட்டுவிடாதீர்கள்.