தேய்வும் சோர்வும்



ரயில் சக்கரம் தண்டவாளத்தைத் தொடுகிற இடம் எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டர்தான். அந்த இத்தனூண்டு இடத்தில் பல டன் பாரம் இறங்குகிறது. உருளும்போது அங்கே சன்னமாக வழுக்கலும் உண்டு. அதனால் எஃகு பொடிப்பொடியாக உதிர்கிறது. இது தேய்மானம். அளவுகோல் வைத்தால் தெரிந்துவிடும். பாரம், வழுக்கும் தூரம், எஃகின் கடினத்தன்மை மூன்றும் தெரிந்தால், சக்கரத்தை எப்போது லேத்தில் ஏற்றிக் கடைய வேண்டும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

உலோகச் சோர்வு வேறு ரகம். ஒருமுறை ஏற்றினால் சுலபமாகத் தாங்குகிற பாரத்தையே கோடிக்கணக்கான முறை ஏற்றி இறக்கினால், எஃகு ஒருநாள் முறிந்துவிடும். 1842-ல் வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து பலர் மாண்டார்கள். அதன்பின் அச்சு ஏன் முறிகிறது என்று ஐரோப்பா முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதை ஒழுங்காக அளந்தவர் ஆகுஸ்ட் வோலர் என்ற ஜெர்மானிய ரயில்வே பொறியாளர். ஓடும் பெட்டியின் அச்சு எவ்வளவு வளைகிறது என்பதைத் துத்தநாகத் தகட்டில் கீறலாக விழவைத்தார். பிறகு அச்சுகளை இயந்திரத்தில் மாட்டி முறியும்வரை சுற்றவிட்டார். பொறுமைசாலி மனிதர்!

ஆக, தேய்வுக்கு ஒரு கணக்கு, சோர்வுக்கு ஒரு கணக்கு. இரண்டையும் தனித்தனியே போட்டால் வம்பு வரும்.

1998 ஜூன் 3. மியூனிக்கிலிருந்து ஹாம்பர்க் போகும் ஜெர்மனியின் அதிவேக ரயில். அந்த ரக ரயில்களில் அதிர்வும் இரைச்சலும் தொந்தரவாக இருந்ததால், ஒரே துண்டாகச் செய்த பழைய சக்கரத்துக்குப் பதில் புதுவகைச் சக்கரம் மாட்டியிருந்தார்கள். நடுவில் சக்கரம், அதைச் சுற்றி ரப்பர், ரப்பரைச் சுற்றி எஃகு வளையம். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவோமே, அதுபோல. ஆனால் பட்டைக்கு அடியில் ரப்பர். அது மெத்தென்று இருப்பதால் வளையம் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் நசுங்கி நிமிர்ந்தது.

புதிதில் அந்தச் சக்கரத்தின் விட்டம் 920 மில்லிமீட்டர். 854 வரை தேயலாம் என்று அனுமதி. அன்று அந்த ரயிலில் உடைந்த சக்கரம் 862-ல் இருந்தது. தேய்மானக் கணக்குப்படி அது தேறிய சக்கரம்! ஆனால் வளையம் மெலிய மெலிய அதன் உட்புறத்தில் இழுவிசை ஏறிக்கொண்டே போயிருக்கிறது. விரிசல் பிறந்ததும் அங்கேதான், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில். அதற்குள் சுமார் 18 லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. அறுபது கோடிச் சுற்றுக்கு மேல். கடைசியில் வளையம் உடைந்து, மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் எஷெடே என்ற ஊரருகே ரயில் தடம்புரண்டு மேம்பாலத் தூணில் மோதியது. 101 பேர் இறந்தார்கள். அந்த ரயில்கள் ஒரே துண்டுச் சக்கரத்துக்கே திரும்பின.

இங்கே தேய்வு சோர்வுக்குத் துணைபோனது. எப்போதும் அப்படியல்ல என்பதுதான் இந்தத் துறையின் வேடிக்கை. சக்கரத்தின் மேற்பரப்பில் மயிரிழை விரிசல்கள் வருவதுண்டு. தேய்மானம் அவற்றைவிட வேகமாக நடந்தால், விரிசல் ஆழப்படுவதற்குள் அந்தத் தோலே உதிர்ந்துவிடும். ஆகவே தேயாத கடின எஃகு போட்டால் எல்லாம் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. தேயாத சக்கரத்தில் விரிசல் நிதானமாக உள்ளே இறங்கலாம்.

கடைவதிலும் இதே இழுபறிதான். குறைவாகக் கடைந்தால் விரிசலின் வேர் உள்ளேயே நின்றுவிடும். அதிகமாகக் கடைந்தால் நல்ல எஃகும் சுருள்சுருளாகப் போய், சக்கரத்தின் ஆயுள் வீணாகும். சக்கரத்தின் பழுதைக் கண்டுபிடிக்க, இந்தியா உட்படப் பல நாடுகளில் தண்டவாளத்தில் உணர்கருவி பொருத்தி, ஓடும் ரயிலின் ஒவ்வொரு சக்கரமும் கொடுக்கும் அடியை அளக்கிறார்கள். பிரேக்கில் இறுகி இழுபட்டுத் தட்டையான சக்கரம் அதில் உடனே மாட்டிக்கொள்ளும். உள்ளே ஒளிந்த விரிசல் மாட்டாது. அதற்குப் பெரும்பாலும் சக்கரத்தைப் பணிமனைக்குக் கொண்டுபோய், மீயொலி செலுத்தித்தான் பார்க்க வேண்டும்.