நெடும்பயணமும் சின்னஞ்சிறு திரையும்



கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். உணவுக்கும் ஓய்வுக்கும் இடையிடையே நிறுத்திச் சென்றால் எட்டு ஒன்பது மணித்தியாலம் ஆகிவிடும். வளர்ந்தோர்க்கே அலுப்புத் தரும் இவ்வழியை, இருக்கையிற் கட்டுண்டிருக்கும் இரண்டு வயதுக் குழந்தை எங்ஙனம் கடக்கும்? அழுகை தொடங்கியதும் பெற்றாரின் கை கைத்தொலைபேசியைத் தேடுகின்றது. இதனைக் குற்றமெனச் சாற்ற நான் வரவில்லை. நானும் அவ்வாறு செய்தவளே.

சென்ற ஆண்டு, முதுமையெய்திய என் தாயாரைக் காண மகள், மருமகன், இரண்டரை வயதுப் பேரன் ஆகியோருடன் காரிற் புறப்பட்டேன். சிலாபம் தாண்டுமுன்னரே பேரன் அழத் தொடங்கினான். ஏதோவொரு காட்டூனைப் போட்டு அவன் கையிற் கொடுத்தேன். ஒன்று முடிய மற்றொன்று தானாகவே தொடங்கிற்று. துரத்தலும் வெடித்தலும் கூச்சலுமாய்க் காட்சிகள் நொடிக்கு நொடி மாறின. வவுனியாவில் வாந்தியெடுத்தான். முறிகண்டிப் பிள்ளையார் வாசலில் இறங்கியபோது மணியோசைக்கும் அவன் தலை நிமிரவில்லை. திரையை வாங்கினால் வீரிட்டான்.

வீட்டு வாசலில் என் தாயார் இரு கைகளையும் நீட்டி நின்றார். பேரன் அம்முகத்தை நோக்கவேயில்லை. "போன், போன்" என்று அலறினான். "பிள்ளைக்குக் களைப்புப் போல கிடக்கு" என்று சொல்லி அவர் கைகளை மடக்கிக்கொண்டார். எண்பதைக் கடந்த அக்கைகள் எத்தனை நாள் காத்திருந்தன என்பதை நான் அறிவேன். ஆண்டுக்கணக்காகப் பிறர் பிள்ளைகளின் பெற்றாருக்குப் புத்தி கூறிய அதிபராகிய எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

அதன்பின் இப்பொருள் பற்றிச் சிறிது தேடிப் படித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலில், இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் திரை வேண்டுவதில்லை என்றும், இரண்டு முதல் நான்கு வயதினருக்கு நாளொன்றுக்கு 1 மணித்தியாலத்துக்கு மேற்படலாகாது என்றும், அதனினும் குறைவாயின் நன்று என்றும் கூறியுள்ளது. அமெரிக்காவின் வேர்ஜினியாப் பல்கலைக்கழகத்தார் நான்கு வயதுப் பிள்ளைகள் 60 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடாத்தி 2011இல் வெளியிட்டனர். விரைந்தோடும் காட்டூனை 9 நிமிடம் பார்த்த பிள்ளைகள், அமைதியான கல்விப் படம் பார்த்தோரையும் சித்திரம் வரைந்தோரையும் விட, உடனடியாகக் கொடுத்த கவன, தன்னடக்கப் பயிற்சிகளிற் பின்தங்கினர். ஒன்பது நிமிடத்துக்கே இவ்விளைவென்றால் ஐந்து மணித்தியாலத்தை என்னென்பது?

வாந்திக்கும் காரணம் உண்டு. வண்டியின் அசைவை உட்செவி உணர்கின்றது. கண்ணோ அசையாத திரையிற் பதிந்திருக்கின்றது. இரண்டின் செய்தியும் முரண்படுவதால் வயிறு குமட்டுகின்றது. வளைவு மிக்க மலைப்பாதைகளில் இது இன்னும் மிகும்.

ஆயின், திரையே கூடாதோ? இரண்டு வயது கடந்த பிள்ளைக்கு அளவோடும் தெரிவோடும் காட்டலாம் என்பதே என் எண்ணம். தெரிவுக்கு நான் கொண்ட அடையாளங்கள் சில. காட்சி மெல்ல நகரவேண்டும். குரலும் இசையும் தாழ்ந்திருக்கவேண்டும். கதை குழந்தை அறிந்த உலகத்தினதாய், ஐந்து பத்து நிமிடத்தில் முடிவதாய் இருக்கவேண்டும். அயர்லாந்தில் உருவான 'பபின் றொக்' என்பது கடற்பறவைக் குஞ்சாகிய தமக்கையும் தம்பியும் ஒரு தீவில் உலாவும் கதை. சொல்பவரின் குரலிற் பதற்றமில்லை. சுவிற்சர்லாந்தில் 1990ஆம் ஆண்டளவில் தொடங்கிய 'பிங்கு' களிமண் உருவங்களாலானது. அப்பறவை பேசுவது எந்நாட்டு மொழியும் அன்று; ஆதலின் தமிழ்ப் பிள்ளைக்கும் அது அந்நியமன்று. எனினும் எல்லாப் பகுதிகளும் ஒரே தன்மையன அல்ல. முதலில் நீங்கள் பார்த்துப் பின்னர் பிள்ளைக்குக் காட்டுங்கள்.

புறப்படுமுன் இரண்டு மூன்று கதைகளைத் தரவிறக்கி வைத்து, அடுத்த படம் தானாகத் தொடங்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். திரையைப் பிள்ளையின் கையில் கொடாது, முன்னிருக்கையின் பின்புறத்தே இறுகப் பொருத்துங்கள். திடீரெனத் தடை போட்டால் கட்டப்படாத பொருள் கல்லைப்போற் பாயும். அருகிலிருந்து, "குஞ்சு எங்கே போகுது?" என்று வினவுங்கள். கதை முடிந்ததும் மூடிவிடுங்கள். முடிவு எங்கென்று முன்பே அறிந்த பிள்ளை அதிகம் அழுவதில்லை.

எஞ்சிய பொழுதுக்கு நம்மிடம் செல்வம் இல்லையா? நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்பும் கத்தரி வெருளியும் வண்டியிற் பாடுதற்கும் உரியனவே. பனை எண்ணலாம், மாடு எண்ணலாம். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறக்கி ஓடவிடலாம்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மறுமுறை சென்றோம். அநுராதபுரத்துக்கு முன் ஒரு கதை, மாங்குளத்துக்கு முன் ஒரு கதை, அவ்வளவே. இடையில் இருமுறை அழுதான். பாடினோம், இறக்கினோம், தண்ணீர் கொடுத்தோம். பயணம் எளிதாயிருந்தது என்று நான் கூறமாட்டேன். என் தொண்டை கம்மிவிட்டது. ஆனால் ஆனையிறவில் இருபுறமும் நீர் விரிந்தபோது அவன் கண்கள் கண்ணாடிக்கு வெளியே இருந்தன.

வாசலில் என் தாயார் முன்போலவே நின்றார். பேரன் ஓடிச்சென்று, "பூட்டி, ஆனையிறவிலை ஆனை இல்லை, உப்புத்தான் இருக்கு" என்றான். அவர் அவனை வாரியெடுத்துக்கொண்டார். 400 கிலோமீற்றர் நாம் சென்றது அதற்காகத்தானே, நேயர்களே. பிள்ளை பார்க்கும் திரையை நாம் தெரிந்துகொடுத்தால், வழியின் முடிவிற் காத்திருக்கும் முகத்தைக் காண அதன் கண்களில் இடமிருக்கும்.